வலிப்பு ஒன்றல்ல

தில்லைக் கூத்தனின் திருவடியின் கீழே கிடக்கும் குறளுருவைக் காணாத தமிழர் அரியர். முயலகன் என்பது அவ்வுருவின் பெயர். வடமொழியாளர் அதனை அபஸ்மாரன் என்பர். இவ்விரு பெயர்களும் ஒரு நோய்க்கும் பெயர்களாக வழங்கி வந்துள்ளன. அந்நோய் வலிப்பு. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளியபோது, கொல்லிமழவன் என்னும் சிற்றரசனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து, திருக்கோயிலிலே கிடத்தப்பட்டிருந்தாள் என்று பெரியபுராணம் கூறுகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வலிப்புற்ற ஒரு குழந்தையின் முன்னே கையற்று நிற்கும் பெற்றோரின் துயரம் தமிழ் மக்களின் நினைவிலே பதிந்துவிட்டது.

அந்தக் கொல்லிமலையைச் சூழ்ந்த சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்தும், மதுரை, தஞ்சை முதலிய பிற மாவட்டங்களிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வந்த மக்கள் எண்ணற்றோர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களிலே வாழ்கின்றனர். பதுளைக்குத் தென்கிழக்கே 6,500 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலை, ஒன்பது சிகரங்களை உடையது என்னும் பொருளிலே பெயர் பெற்றது. அதன் சரிவுகளிலும், பசறையிலிருந்து எல்ல வரை செல்லும் வீதியின் இருமருங்கிலும் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

அத்தோட்டங்களுள் ஒன்றில் வாழும் ஒரு தாயை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். அவளுக்கு ஆறு மாதக் குழந்தை ஒன்று உண்டு. விடியற்காலையிலே குழந்தையைத் துணியிற் சுற்றிப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுவிட்டு, பிரட்டுக் களத்துக்குச் சென்று பெயர் கொடுத்து, கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுகிறாள். சில நாட்களாகக் குழந்தையிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. தூங்கி விழிக்கும் வேளையிலே அதன் தலை திடீரென முன்னே கவிழ்கிறது. கைகள் இரண்டும் விரிந்து எழுகின்றன. கால்கள் வயிற்றை நோக்கி மடங்குகின்றன. ஒரு நொடியிலே யாவும் அடங்கிவிடுகின்றன. சிறிது பொறுத்து மீண்டும் அப்படியே. மீண்டும் ஒரு முறை. இவ்வாறு பத்து, இருபது முறை தொடர்ந்து வந்து ஓய்கின்றது. குழந்தை வீரிட்டு அழுகின்றது. முன்பெல்லாம் தாயின் முகங்கண்டு சிரித்த அக்குழந்தை இப்போது சிரிப்பதில்லை.

பாட்டி பார்த்து, ‘இது மாந்தம், வயிற்றுவலியால் முறுக்குகிறது’ என்கிறாள். அண்டை லயத்தார், குழந்தை பயந்திருக்கிறது, திருநீறு போட வேண்டும் என்கின்றனர். யாருமே இதனை வலிப்பென்று எண்ணுவதில்லை. ஏனெனில், வலிப்பென்றால் கீழே விழுந்து, கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ள வேண்டும் என்றே உலகம் எண்ணிக்கொண்டிருக்கின்றது. அந்த எண்ணம் பிழையானது. அப்பிழையினால் விளையும் கேடு மிகப் பெரியது. அக்குழந்தைக்கு வந்திருப்பது வலிப்பு மட்டுமன்று. குழந்தைப் பருவத்து வலிப்புகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று.

மனிதனுடைய மூளை, கோடிக்கணக்கான நரம்புக் கலங்களால் ஆனது. அக்கலங்கள் ஒன்றோடொன்று நுண்ணிய மின் அதிர்வுகளினால் பேசிக்கொள்கின்றன. தூண்டும் கலங்களும் உண்டு. அடக்கும் கலங்களும் உண்டு. இவ்விரண்டும் சமன்பட்டிருக்கும்வரை மூளையின் அலுவல் செவ்வையாக நடைபெறுகின்றது. அச்சமநிலை குலைந்து, பெருந்தொகையான கலங்கள் ஒரே காலத்தில் கட்டுக்கடங்காது அதிர்வதே வலிப்பு. அவ்வதிர்வு மூளையின் எப்பகுதியில் தொடங்குகிறது, எங்கே பரவுகிறது, மூளையின் வயது என்ன என்பனவற்றுக்கு ஏற்ப அதன் தோற்றம் வேறுபடுகின்றது. ஆகவே வலிப்பு என்பது ஒரு நோயின் பெயரன்று; ஒரு குடும்பத்தின் பெயர்.

அக்குடும்பத்தில் உள்ளோரைச் சற்றே அறிந்துகொள்வது நலம். பிள்ளை கூச்சலிட்டு விழுந்து, உடல் முழுதும் விறைத்து, பின்பு கைகால்கள் வெட்டி இழுப்பது பெருவலிப்பு. இதனை யாவரும் அறிவர். பாடசாலையிலே வாய்ப்பாடு ஒப்புவித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, நடுவிலே திடீரென நின்றுவிடுகிறாள், கண்கள் வெறிக்கின்றன, இமைகள் படபடக்கின்றன, பத்து வினாடிகள் கழிந்தபின் ஒன்றும் நடவாதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். ஆசிரியர் அவளைக் கவனமற்றவள் என்று கடிந்துகொள்கிறார். ஆனால் அதுவும் வலிப்பே; நினைவு தவறும் சிறுவலிப்பு. மற்றொரு சிறுவனுக்கு வாயின் ஒரு கோணம் மட்டும் இழுபடுகிறது, அல்லது ஒரு கை மட்டும் துடிக்கிறது. அது மூளையின் ஓரிடத்திலே தொடங்கும் ஒருபக்க வலிப்பு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை காலையில் எழுந்து தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது கை துள்ளித் தேநீர் சிந்துகிறது. அது துள்ளல் வலிப்பு. நடந்துகொண்டிருந்த சிறுவன் நூலறுந்த பொம்மையைப் போலத் திடீரென நிலத்திலே விழுந்து முகத்தை உடைத்துக்கொள்கிறான். அது தளர்வு வலிப்பு. முன்னே சொல்லிய ஆறு மாதக் குழந்தைக்கு வந்தது மடங்கு வலிப்பு.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து போதாதோ என்று கேட்கத் தோன்றும். ஒரு காலத்தில் ஒரே மருந்துதான் இருந்தது. 1857இல் லண்டன் மருத்துவர் சார்ல்ஸ் லொக்கொக், புரோமைட் உப்பு சில வலிப்புகளைத் தணிப்பதாகக் கூறினார். 1912இல் ஜெர்மனியில் அல்பிரட் ஹௌப்ட்மன் பினோபார்பிட்டோன் மருந்தின் பயனை அறிவித்தார். 1938இல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்னும் இருவர் பினைடோயினைக் கொண்டுவந்தனர். 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிளில், வேறு மருந்துகளைக் கரைப்பதற்காகப் பயன்பட்ட வால்ப்ரோயிக் அமிலமே வலிப்பை அடக்க வல்லது என்பது தற்செயலாகத் தெரியவந்தது. இதற்கிடையே 1924இல் ஜெர்மானியரான ஹன்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஈ.ஈ.ஜி. என்று வழங்கும் அப்பரிசோதனை வந்தபின்னரே, வெளியே ஒன்றுபோலத் தோன்றும் வலிப்புகள் உள்ளே வேறுவேறானவை என்பதும், உள்ளே உறவுடையவை வெளியே வேறாகத் தோன்றக்கூடும் என்பதும் தெளிவாயின.

மருந்துகள் பெருகப் பெருக மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. ஒரு வலிப்பைத் தணிக்கும் மருந்து இன்னொரு வலிப்பை மூட்டிவிடக்கூடும். கார்பமசபின் என்னும் மருந்து ஒருபக்க வலிப்புக்கு மிகச் சிறந்தது. அதே மருந்தை நினைவு தவறும் சிறுவலிப்புடைய சிறுமிக்குக் கொடுத்தால், அவளுடைய நினைவு தவறுதல் நாளொன்றுக்குப் பன்மடங்காகலாம். துள்ளல் வலிப்புடையவருக்குக் கொடுத்தால் துள்ளல் மிகலாம். மருந்தைக் கொடுத்த தாய், நோய் முற்றிவிட்டதென்று எண்ணி அஞ்சுவாள். வேளை தவறாது மேலும் கொடுப்பாள். நோய் முற்றவில்லை, மருந்துதான் பொருந்தவில்லை.

நினைவு தவறும் சிறுவலிப்புக்கு எதோசக்சிமைட் என்னும் மருந்து உண்டு. அமெரிக்காவில் 453 பிள்ளைகளிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, எதோசக்சிமைட், வால்ப்ரோயிக் அமிலம், லாமோட்ரிஜின் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. முதலிரண்டும் வலிப்பை நிறுத்துவதில் மூன்றாவதை விடச் சிறந்தன. அவ்விரண்டினுள்ளும் எதோசக்சிமைட் பிள்ளைகளின் கவனத்தைக் குறைவாகவே கெடுத்தது. ஆயினும் பெருவலிப்புக்கு அது உதவாது. வால்ப்ரோயிக் அமிலமோ பலவகை வலிப்புகளுக்கும் பயன்படுவது. ஆனால் பெண்பிள்ளை வளர்ந்து தாய்மையடையும் பருவத்தில் அதனை உட்கொண்டிருந்தால், கருவிலுள்ள சிசுவுக்கு ஊறு நேரக்கூடும். ஆகவே மருந்தைத் தேர்பவர் வலிப்பின் வகையை மாத்திரமன்றி, வலிப்புடையவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

கடுமையான வலிப்புகளிலே இவ்வொழுங்கு இன்னும் கூர்மையானது. பிரெஞ்சு மருத்துவர் சார்லட் திராவே 1978இல் விவரித்த நோய் ஒன்று உண்டு. நன்றாக இருந்த குழந்தைக்கு முதலாம் ஆண்டிலே, பெரும்பாலும் காய்ச்சலோடு, அரைமணி நேரம்வரை கூட நீளும் வலிப்பு வருகின்றது. ஒருமுறை வலப்பக்கம் இழுத்தால் மறுமுறை இடப்பக்கம் இழுக்கின்றது. காய்ச்சலோடு வரும் வலிப்புகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. வயது ஏற ஏற நின்றுபோவன. இதுவோ அத்தகையதன்று. இந்நோயின் காரணம் ஒரு மரபணுவின் பழுது என்று 2001இல் கண்டறியப்பட்டது. அப்பழுதினால், மூளையின் அடக்கும் கலங்களில் உள்ள சோடியம் வாயில்கள் வலுவிழக்கின்றன. நமுனுகுலச் சரிவிலே கொழுந்து ஏற்றி இறங்கும் லொறி ஒன்றின் பிரேக் தளர்ந்திருப்பது போன்றது இது. கார்பமசபின், பினைடோயின், லாமோட்ரிஜின் என்பன சோடியம் வாயில்களை அடைத்து வேலை செய்யும் மருந்துகள். ஏற்கெனவே தளர்ந்த பிரேக்கை அவை மேலும் தளர்த்திவிடுகின்றன. பிறருக்கு நன்மருந்தாகிய ஒன்று இக்குழந்தைக்கு இடராவது இதனாலேயே. வால்ப்ரோயிக் அமிலம், குளோபசாம் முதலியன இவர்களுக்குப் பொருந்துவன. ஸ்டிரிபென்டோல், பென்புளூரமின் என்னும் மருந்துகளும் அண்மைக் காலத்தில் வந்துள்ளன.

இனி, பிள்ளைக் காம்பராவிலே விட்டுவந்த ஆறு மாதக் குழந்தையிடம் திரும்பலாம். அதன் நோயை முதன்முதல் எழுத்திலே வடித்தவர் ஒரு தந்தை. இங்கிலாந்தின் டன்பிரிஜ் நகரத்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனுக்கு வந்த இத்துன்பத்தைக் கண்ணுற்று, 1841இல் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தலை கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்வதை அவர் ஒரு தந்தையின் கண்ணோடும் மருத்துவரின் கண்ணோடும் எண்ணிக் குறித்திருந்தார். தாம் அறிந்த வைத்தியம் யாவும் பயனற்றுப் போனதையும் மறைக்காமல் எழுதினார். அவர் மகன் குணமடையவில்லை. ஆயினும் அத்தந்தையின் கவனமான வருணனையே இன்றளவும் இந்நோயை அறிவதற்குத் திறவுகோலாக உள்ளது. வெஸ்ட் நோய் என்று அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

இந்நோய்க்கு வழக்கமான வலிப்பு மருந்துகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. 1958இல் பெல்ஜியத்து மருத்துவர்கள், ஏ.சி.டி.எச். என்னும் சுரப்பு நீரை ஊசியாகக் கொடுத்தபோது மடங்கு வலிப்பு நின்றதாக அறிவித்தனர். பின்னர் பிரட்னிசோலோன் முதலிய ஸ்டீரொயிட் மாத்திரைகளும், விகாபாட்ரின் என்னும் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தன. விகாபாட்ரின், தோலிலே வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கி மூளையிலும் கட்டிகளைத் தோற்றுவிக்கும் டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்னும் நோயுள்ள குழந்தைகளுக்குச் சிறப்பாக உதவுகின்றது; ஆனால் பார்வையின் ஓரங்களைக் குறைத்துவிடும் ஆபத்தும் அதற்கு உண்டு. ஒரே மடங்கு வலிப்பிலும் கூட, அதன் காரணத்துக்கு ஏற்ப மருந்து மாறுவதை நேயர்கள் இதிலே காணலாம்.

ஏ.சி.டி.எச். ஊசி விலையுயர்ந்தது, குளிரிலே வைத்துக் காக்கப்பட வேண்டியது, போடுவதற்குப் பயிற்சி பெற்றவர் தேவை. பிரட்னிசோலோன் மாத்திரையோ மலிவானது, எங்கும் கிடைப்பது. ஊசியே சிறந்தது என்று பல நாடுகளில் எண்ணியிருந்த காலத்தில், வசதி குறைந்த நாட்டுக் குழந்தைகள் இரண்டாந்தர வைத்தியத்தைப் பெறுகின்றனரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்துக்கு விடை தேடியவர்கள் இலங்கை மருத்துவர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் நிபுணர் ஜிதாங்கி வனிகசிங்கவும் அவருடன் பணியாற்றியோரும், 1895இல் நிறுவப்பெற்ற கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலே, வெஸ்ட் நோயுற்ற 97 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கியது போல இரு பிரிவாக்கினர். 48 பேருக்கு பிரட்னிசோலோன் மாத்திரை. 49 பேருக்கு ஏ.சி.டி.எச். ஊசி. பதினான்காம் நாளிலே, மாத்திரை பெற்றவர்களுள் 28 பேருக்கும், ஊசி பெற்றவர்களுள் 18 பேருக்கும் மடங்கு வலிப்பு நின்றிருந்தது. ஆய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று.

இதனைக் கொண்டு மாத்திரை எக்காலத்தும் ஊசியை வெல்லும் என்று முடிவு கட்டிவிடலாகாது. அங்கே கொடுக்கப்பட்ட ஊசி மருந்தின் அளவு மிகப் பெரியதன்று. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் இடையே உறுதியாகக் கொள்ளத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. எனினும் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. மலிவான மாத்திரை மட்டமான மருந்தன்று. உரிய காலத்தில், உரிய அளவில் கொடுத்தால், ஏழையின் குழந்தைக்கும் முதல்தர வைத்தியம் கைக்கெட்டும் தூரத்திலே உள்ளது. இவ்வுண்மை வேற்று நாட்டிலிருந்து வந்ததன்று. இலங்கைக் குழந்தைகளின் கட்டிலருகே பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் ‘உரிய காலம்’ என்ற சொல்லிலேதான் நமுனுகுலத் தாயின் இடர் அடங்கியிருக்கின்றது. மடங்கு வலிப்பு தொடங்கிய பின்பு கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் அறிவு வளர்ச்சியிலிருந்து எடுக்கப்படும் வாரமாகும். வலிப்பு தோன்றிச் சிகிச்சை தொடங்குவதற்கு இடையே இரண்டு மாதங்களுக்கு மேல் சென்றுவிட்டால், பிற்காலத்து வளர்ச்சி பெரிதும் குன்றுகிறது என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. மாந்தமென்று ஒரு மாதம், பயமென்று ஒரு மாதம் கழிந்துவிட்டால், எஞ்சுவது என்ன?

காலம் கழிவதற்கு அறியாமை மட்டுமே காரணமென்று கூறுவது நீதியாகாது. பதுளைக்குச் செல்ல வேண்டுமாயின் தாய்க்கு ஒரு நாட் பெயர் இல்லாமற் போகும். தந்தையும் உடன் சென்றால் இரண்டு பெயர். பஸ் கட்டணம், மூத்த பிள்ளைகளின் சாப்பாடு, மழைக்காலத்து மண்சரிவு என்று தடைகள் பல. கொழும்புக்குச் செல்வதாயின், பதுளையிலிருந்து இரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பயணம் ஒரு பகல் முழுவதும் நீளும். அங்கே சென்றபின்னும் மொழி குறுக்கே நிற்கலாம். தாய் தமிழிலே ‘இழுக்குது’ என்கிறாள். அது சிங்களத்திலே ‘வலிப்பு’ என்று மட்டுமே சென்று சேர்கிறது. எப்படி இழுத்தது, எப்பக்கம் இழுத்தது, விழிக்கும்போதா உறங்கும்போதா என்பன வழியிலே உதிர்ந்துவிடுகின்றன. மருத்துவருக்கு வேண்டியவையோ உதிர்ந்துபோன அச்சொற்களே. சிங்களத்தில் இந்நோய்க்கு வழங்கும் ‘அபஸ்மாரய’ என்ற சொல்லும், தமிழ் வைத்திய நூல்களில் உள்ள ‘அபஸ்மாரம்’ என்ற சொல்லும் ஒன்றே. பெயரிலே இரு மொழிகளும் ஒன்றுபட்டுள்ளன. வருணனையிலேதான் வழி அடைபடுகின்றது.

இத்தடைகளுள் சிலவற்றை ஆட்சியும் தோட்ட நிருவாகமும் நீக்க வேண்டும். சிலவற்றை இன்றைக்கே, லயத்திலிருந்தே நீக்கலாம். மருத்துவர் வலிப்பு வரும் வேளையில் அருகே இருப்பது அரிது. ஈ.ஈ.ஜி. கருவியும் ஒரு மணிநேரத்து அலைகளையே காட்டும். வலிப்பைத் தன் கண்ணாற் கண்டவர் தாய், பாட்டி, பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா, வகுப்பாசிரியர் ஆகியோரே. அவர்கள் கண்டது துல்லியமாக மருத்துவரைச் சென்றடைந்தால், நோயறிதலின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை சில. வலிப்பு உடலின் எந்த இடத்திலே தொடங்கிற்று? ஒரு பக்கத்திலா, இரு பக்கத்திலுமா? கண்களும் தலையும் எப்பக்கம் திரும்பின? உடல் விறைத்ததா, வெட்டியதா, தளர்ந்து விழுந்ததா, மடங்கிற்றா? பேர் சொல்லி அழைத்தபோது பிள்ளை திரும்பிற்றா? எத்தனை நிமிடம் நீடித்தது? தனித்து வந்ததா, கூட்டங்கூட்டமாக வந்ததா? உறக்கத்திலா, விழிக்கும் வேளையிலா, காய்ச்சலிலா? வலிப்பு ஓய்ந்தபின் ஒரு கையோ காலோ சோர்ந்திருந்ததா? முன்பு செய்துகொண்டிருந்த எதையேனும், சிரிப்பதையோ, முகம் பார்ப்பதையோ, குப்புற விழுவதையோ பிள்ளை விட்டுவிட்டதா? இவற்றை ஒரு கொப்பியிலே தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர், பாடசாலை செல்லும் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். இக்காலத்திலே லயங்களிலும் கைத்தொலைபேசி உண்டு. அரை நிமிடப் படம் ஒன்று பிடித்து வைத்திருந்தால் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. சிங்களம் பேசும் மருத்துவரும் தமிழ் பேசும் தாயும் ஒரே காட்சியைக் காண்பர்.

பெருவலிப்பு வரும் வேளையிலே செய்ய வேண்டியதும் சிறிதே. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அருகேயுள்ள அடுப்பு, கல், கூரிய பொருள்களை அகற்ற வேண்டும். கழுத்துத் துணியைத் தளர்த்த வேண்டும். கையிலே இரும்புச் சாவியைத் திணிப்பதனால் தீமையும் இல்லை, நன்மையும் இல்லை. அதைத் தேடும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பது நலம். வாயிலே கரண்டியோ, தண்ணீரோ, மருந்தோ எதையும் இடலாகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீண்டாலும், ஒன்று ஓய்ந்து நினைவு திரும்புமுன் மற்றொன்று வந்தாலும், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

சிகிச்சை தொடங்கியபின் மூன்று விஷயங்கள் நினைவிலிருத்தத் தக்கன. முதலாவது, மருந்தை வீட்டார் தாமாக நிறுத்தலாகாது. வலிப்பு நின்றுவிட்டதென்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவதால் முன்னிலும் கொடிய வலிப்பு வரக்கூடும். இரண்டாவது, பிரட்னிசோலோன் போன்ற மருந்தை வைத்தியரின் கண்காணிப்பிலேயே கொடுக்க வேண்டும். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம், தொற்றுநோய்க்கு இடங்கொடுக்கலாம், முகத்தை வீங்கச் செய்யலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும். மருந்தைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். எவருக்கோ பலித்த மாத்திரை என்று பக்கத்து லயத்திலிருந்து வாங்கிக் கொடுப்பது பெருந்தவறு. மூன்றாவது, புதிய மருந்து தொடங்கியபின் வலிப்பு மிகுந்தாலோ, புதியதொரு வகை தோன்றினாலோ, அதை மறைக்கவும் வேண்டாம்; விதியென்று பொறுக்கவும் வேண்டாம். வைத்தியரிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும். அது தாயின் குற்றமன்று. மருந்தை மாற்றுவதற்கான செய்தி.

எல்லாக் குழந்தைகளும் குணமடைவர் என்று உறுதி கூற இயலாது. முறையாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்காவிட்டால், பெரிய வைத்தியசாலையிலுள்ள நரம்பியல் நிபுணரிடம் செல்வது அவசியம். மூளையின் ஓரிடத்திலிருந்து மட்டும் எழும் சிலவகை வலிப்புகளுக்கு அறுவைச் சிகிச்சை உதவும். 1921இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட, மாச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்த உணவுமுறையும் சில கடும் வலிப்புகளுக்குப் பயன்படுகின்றது. அதுவும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டியது. முற்றாக நீங்காத இடத்திலும், நாளொன்றுக்கு நாற்பது முறை வந்தது நான்கு முறையாகக் குறைந்தால், அப்பிள்ளை விழுந்து அடிபடாது, உறங்கும், உண்ணும், தன் தாயை மீண்டும் பார்க்கும். அது சிறிய பேறன்று.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின்னரே தணிக்கும் வழியை அறியுமாறு வகுத்தார். வலிப்பின் வகையறிந்து மருந்து தேரும் இக்கால விஞ்ஞானம் அவ்வரிசையையே பின்பற்றுகின்றது. அதே அதிகாரத்தில் அவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொன்னார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்பன மூன்று. நான்காவதாக அவர் வைத்தது, நோயாளியின் அருகே இருந்து கவனிப்பவரை. மருந்துக்கும் மருத்துவருக்கும் சமமான இடத்தையே அவர் அவருக்கும் தந்தார்.

நமுனுகுலத் தோட்டத்துத் தாய் அந்த நான்காவது கூறு. பனி விலகாத காலையிலே, லயக் காம்பராவின் மங்கிய வெளிச்சத்திலே, தன் குழந்தையின் தலை கவிழ்வதை முதலிற் காண்பவள் அவளே. அவள் கண்டதை மாந்தமென்று தள்ளிவிடாமல், நாட் பெயர் போனாலும் போகட்டுமென்று, கொப்பியையும் கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலே பதுளைக்குப் புறப்படுவாளாயின், மருந்து அதன் வேலையைச் செய்யும் காலத்திலேயே குழந்தையைச் சென்றடையும். அவள் சொல்வதைக் கேட்க அங்கே ஒருவர் பொறுமையோடு அமர்ந்திருத்தல் வேண்டும். அவளுக்கு ஒரு நாள் விடுப்பைத் தோட்டம் மனமுவந்து கொடுத்தல் வேண்டும். இவ்வளவும் கூடினால், கொல்லிமழவனின் மகளைப் போல அவள் குழந்தையும் ஒருநாள் கண் விழித்துத் தாயின் முகம் நோக்கிச் சிரிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமுண்டு.